பொக்ஸிலும் ஆறு பேர், சிக்ஸஸிலும் ஆறு பேர்: 1,800 டொலர் எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. மூன்று கோடைகாலமாக பொக்ஸ் லக்ரோஸ் (பலகைச் சுவர் சூழ்ந்த அரீனாவுக்குள், நுனியில் வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம்) விளையாடுகிறான், டிஃபென்ஸில் நிற்பவன். அவனுடைய அணிப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து செப்டெம்பரில் ஒரு ‘சிக்ஸஸ்’ போட்டிக்குப் போகப்போகிறார்களாம். அதற்குத் தனி ஸ்டிக் வேண்டும், தனிப் பயிற்சி வேண்டும், இதுதான் ஒலிம்பிக்குக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஸ்கொலர்ஷிப்புக்கும் வழி என்று ஒரு கோச் 1,800 டொலர் கேட்கிறார். பொக்ஸிலும் ஆறு பேர், இதிலும் ஆறு பேர். என்னதான் வித்தியாசம்? காசைக் கட்டலாமா?
– ஒரு தாய், மார்க்கம் நகர், கனடா

பதில்: கட்டாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டேன், மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம்.

உங்கள் குழப்பம் நியாயமானது. பொக்ஸிலும் ஐந்து பேர் ஓட ஒருவர் கோல் காக்கிறார், சிக்ஸஸிலும் அப்படித்தான். இரண்டிலும் பந்து கைக்கு வந்தால் 30 வினாடிக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும். ஆனால் சிக்ஸஸ் பொக்ஸுக்குப் பிறந்த பிள்ளை இல்லை. பத்துப் பேர் ஆடும் வெளிமைதான லக்ரோஸைச் சுருக்கி, 2021-ல் வேர்ல்ட் லக்ரோஸ் அமைப்பு கொண்டுவந்த ஆட்டம் அது. ஒலிம்பிக்காரருக்கு ஆட்களின் எண்ணிக்கை குறைய வேண்டும், சின்ன நாடுகளுக்குச் செலவு குறைய வேண்டும். அதனால் மைதானத்தை 70 மீற்றர் நீளம், 36 மீற்றர் அகலத்துக்குக் குறுக்கினார்கள். எட்டு நிமிடமாக நான்கு கால்பகுதிகள், அணிக்கு 12 பேர். வேகம் பொக்ஸ் மாதிரி, சட்டம் வெளிமைதான ஆட்டத்தின் சட்டம். உங்கள் மகன் தடுக்கிவிழக்கூடிய இடமும் அதுதான்.

ஒரு காட்சி சொல்கிறேன். பொக்ஸில் நன்றாக வளர்ந்த ஒரு டிஃபென்ஸ் பிள்ளை முதன்முதலாகச் சிக்ஸஸ் ஆட இறங்குகிறான். எதிரணிப் பெடியன் பந்தோடு உள்ளே வருகிறான். இவன் கோச் சொல்லிக்கொடுத்தபடியே முழங்காலை மடித்து, இரண்டு கைக்கும் இடையில் இருக்கும் தடியை நெஞ்சுக்கு நேரே பிடித்து, வருபவனின் தோளில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளுகிறான். அரீனாவில் என்றால் பெஞ்சில் இருப்பவர்கள் பலகையைத் தட்டிக் கொண்டாடுவார்கள். இங்கே விசில். பிள்ளை நடுவரைத் திரும்பிப் பார்க்கிறான், தான் என்ன செய்தோம் என்றே அவனுக்கு விளங்கவில்லை. வெளியே போய் உட்கார்கிறான். ஐந்து பேர் ஓட வேண்டிய இடத்தில் நான்கு பேர் ஓடுகிறார்கள், கோல் விழுகிறது. திரும்பி வந்தவன் மறுபடியும் அதையே செய்கிறான், ஏனென்றால் கை பழகிவிட்டது. நான் விசிலோடு நின்ற ஆட்டங்களில் இந்தக் காட்சியை எத்தனை தரம் பார்த்தேன் என்று கணக்கில்லை.

அதற்குப் பெயர் குறொஸ்-செக். பொக்ஸில் டிஃபென்ஸின் அன்றாடச் சாப்பாடே அதுதான். சிக்ஸஸில் அது குற்றம். மகனுக்கு இன்றே சொல்ல வேண்டியது இந்த ஒன்றுதான்: கால்களால் தடு, இரண்டு கைகளையும் தடியின் அடியில் கிட்டக் கிட்டப் பிடி, நடுத்தடியால் யாரையும் தொடாதே. வீட்டு ட்ரைவ்வேயில் தம்பியையோ தங்கச்சியையோ எதிரே ஓடவிட்டு ஒரு மாதம் பழகினால் போதும். இதற்கு 1,800 டொலர் தேவையில்லை, ஒரு தம்பி போதும்.

அடுத்தது கோல். சிறுவர் பொக்ஸில் அது நான்கு அடிக்கு நான்கு அடி, 16 சதுர அடி. அதற்குள் மெத்தை மெத்தையாகக் கட்டிக்கொண்டு ஒரு கோலி நின்றால் பந்து நுழைய இடமே தெரியாது. சிக்ஸஸில் ஆறுக்கு ஆறு, 36 சதுர அடி. கோலிக்கு அவ்வளவு பெரிய கவசமும் கிடையாது. பொக்ஸில் டிஃபென்ஸ் பிள்ளைகளுக்கு, ‘தூரத்திலிருந்து அடிக்கிறானா, அடிக்கட்டும் விடு’ என்று சொல்லிக்கொடுப்போம். சிக்ஸஸில் அப்படி விட்டால் பந்து வலையில்தான் கிடக்கும். 2022-ல் அமெரிக்காவின் பேர்மிங்ஹாமில் நடந்த உலக விளையாட்டுகளில் ஆண்கள் இறுதி ஆட்டத்தில் கனடா அமெரிக்காவை 23–9 என்று வென்றது. 32 நிமிடத்தில் 32 கோல்! உங்கள் மகன் இரண்டு மூன்று அடி முன்னே போய் மறிக்கப் பழக வேண்டும்.

பொக்ஸில் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவில் ஃபேஸ்-ஓஃப் உண்டு (இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் பந்துக்குப் போட்டியிடுவது), மூச்சு வாங்கலாம், ஆளை மாற்றலாம். இங்கே ஃபேஸ்-ஓஃப் கால்பகுதி தொடங்கும்போது மட்டும். கோல் விழுந்தால், வாங்கிய கோலியே வலையிலிருந்து பந்தை எடுத்து ஆட்டத்தைத் தொடக்கிவிடுவார். அடித்தவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, பந்து அவர்கள் தலைக்கு மேலால் மறுபக்கம் போயிருக்கும். பொக்ஸில் தாக்குதலுக்கு ஒரு கூட்டம், தடுப்புக்கு ஒரு கூட்டம் என்று பெஞ்சுக்கு ஓடி ஓடி மாறுவார்களே, அதற்கு இங்கே அவகாசம் குறைவு. டிஃபென்ஸ் பிள்ளையும் பந்தைக் கொண்டு ஓடத்தான் வேண்டும், அடிக்கத்தான் வேண்டும். சுற்றிவரப் பலகைச் சுவரும் இல்லை. சுவரில் பட்டுத் திரும்பும் என்று நம்பி எறிந்த பந்து புல்லில் உருண்டு கோட்டுக்கு வெளியே போய்விடும்.

சரி, இனி ஸ்டிக். இதில்தான் பெற்றோரின் காசு அதிகம் கரைகிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

‘சிக்ஸஸ் ஸ்டிக்’ என்று ஒரு சாதனம் உலகத்தில் இல்லை. அப்படி யாராவது விற்றால், அவர் விற்பது ஒரு ஸ்டிக்கரை. இன்னொரு வகை வியாபாரியும் இருக்கிறார். ‘டிஃபென்ஸ் பிள்ளையா? அப்போது நீளத் தடி வேண்டுமே’ என்று ஆறு அடித் தடியை எடுத்து நீட்டுவார். அது பத்துப் பேர் ஆடும் ஆட்டத்தில் தடுப்பவர்களுக்கு உரியது. சிக்ஸஸில் கோலியைத் தவிர எல்லோருக்கும் குட்டைத் தடிதான். ஒரு தகப்பன் அப்படி ஒன்றை வாங்கி, காருக்குள் அடங்காமல் முன் சீற்றைச் சரித்து வைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்ததைப் பார்த்தேன். வந்த வேகத்தில் அதை அப்படியே திருப்பிக் கொண்டுபோனார்.

ஆனால் உங்கள் மகன் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கலாம். பொக்ஸில் ஸ்டிக் 40 அங்குலத்திலிருந்து 46 அங்குலம்வரை இருக்கலாம், டிஃபென்ஸ் பிள்ளைகள் எட்டிப் பிடிக்க வசதி என்று நீளமாகவே வைத்திருப்பார்கள். ஆண்கள் சிக்ஸஸில் எல்லை 40 முதல் 42. ஆகவே இன்றிரவு கராஜுக்குப் போய் ஸ்டிக்கைத் தரையில் கிடத்தி அளவுநாடாவை வையுங்கள். தடியை மட்டும் அளக்கக் கூடாது. வலை கட்டிய தலையின் உச்சியிலிருந்து அடி மூடிவரை முழு நீளமும் கணக்கு. 42-க்குள் இருந்தால் கதை முடிந்தது, அதே ஸ்டிக்கோடு போகலாம். கூடுதலாக இருந்தால் புதிதாக வாங்க ஓடாதீர்கள். அடி மூடியைக் கழற்றி, மிஞ்சும் நீளத்தைக் குறித்து, இரும்பு அறுக்கும் வாளால் அறுத்து, விளிம்பை அரத்தால் தேய்த்து, மூடியைத் திரும்பப் போடுங்கள். மூடி இல்லாத குழாய் இன்னொரு பிள்ளையின் விலாவைக் கிழிக்கும், நடுவர் அதை உள்ளே விடமாட்டார். சரியாக 42-ல் வெட்டாமல் நாற்பத்தொன்றரையில் வெட்டுங்கள், நாடாவோடு தகராறு வராது. நாற்பத்தொன்றரை பொக்ஸிலும் செல்லும் என்பதால் ஒரே ஸ்டிக் இரண்டு ஆட்டத்துக்கும் ஆகும்.

இன்னும் இரண்டு பார்வை. சில பெடியள் ஸ்டிக்கின் தலையைச் சூடாக்கி நெருக்கி ஒடுக்கமாக்குவார்கள், பந்து விழாமல் இருக்கும் என்று. வெளிமைதான சட்டப்படி தலையின் அகன்ற இடம் குறைந்தது ஆறு அங்குலம் இருக்க வேண்டும். அப்புறம் வலை. ஸ்டிக்கைப் படுக்கையாகப் பிடித்துப் பந்தை வலையில் வையுங்கள். பக்கத்திலிருந்து பார்க்கும்போது பந்தின் உச்சி பக்கச்சட்டத்தின் கீழ்விளிம்புக்குக் கீழே இறங்கிவிட்டால் வலை ஆழம் கூடிவிட்டது. கயிற்றை இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை.

கையுறை, தோள்கவசம், பல்கவசம் எல்லாம் அவனுடைய பொக்ஸ் சாமானே போதும். ஹெல்மெற் மட்டும் ஹொக்கி ஹெல்மெற்றில் கூடு மாட்டியதாக இருந்தால், போட்டி நடத்துபவர்களிடம் முன்கூட்டியே ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன ‘ஓமோம்’ காலை எட்டு மணிக்கு மைதானத்தில் செல்லாது. சிறுவர் போட்டிகளில் நேரத்தையும் மைதான அளவையும் தங்கள் வசதிக்கு மாற்றிவிட்டு, மாற்றியதை யாருக்கும் சொல்லாமல் இருக்கும் பழக்கம் இங்கே ஊறிப்போய்விட்டது. பதிவுக் கட்டணத்தை மூன்று மாதத்துக்கு முன் வாங்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பக்க விதித்தாளை அனுப்பத் தெரியாது.

இனி அந்த ஸ்கொலர்ஷிப். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் என்சிஏஏ என்ற பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பு நடத்தும் ஆண்கள் லக்ரோஸ் பத்துப் பேர் ஆடும் பெரிய மைதான ஆட்டம். அங்கே சிக்ஸஸ் போட்டியே கிடையாது. சிக்ஸஸைக் காட்டி ஸ்கொலர்ஷிப் வாங்கித்தருகிறேன் என்பவர், சமையல் படிப்பித்து டொக்டர் ஆக்குகிறேன் என்பவரைப் போன்றவர். பிள்ளைக்கு அந்தக் கனவு இருந்தால் வெளிமைதான அணி ஒன்றில் சேர்த்துவிடுங்கள். அதோடு, படிப்புப் புள்ளிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலிம்பிக் கதையில் பாதி உண்மை இருக்கிறது. 2023 ஒக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் போட்டிக்கு கிரிக்கெட்டோடு சேர்த்து லக்ரோஸையும் எடுத்தது, சிக்ஸஸ் வடிவத்தில். ஆண்களில் ஆறு நாடுகள், நாட்டுக்கு 12 பேர். முழு உலகத்துக்கும் 72 இடம். அதற்கான பாதை மார்க்கம் நகரில் ஒரு வாடகை மைதானத்தில், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது என்று எவராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். தேசிய அணிக்கு ஆளெடுப்பது தேசிய அமைப்பு. தனியார் அக்கடமி எதுவும் அதற்கு வாசல் இல்லை.

பாதை என்று பேச்சு வந்ததால் ஒன்று. இந்த ஆட்டத்தை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் ஹோடினோஷோனி என்ற பூர்வகுடி மக்கள், அவர்களில் ஒரு பகுதியினர் ரொறன்ரோவிலிருந்து தென்மேற்கே சிறிது நேரக் கார் ஓட்டத்தில் கிராண்ட் ஆற்றங்கரையில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொந்த ஒலிம்பிக் குழு இல்லை என்பதைக் காட்டி 2022 உலக விளையாட்டுகளில் அவர்களைச் சேர்க்காமல் விட்டார்கள். பிறகு பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. அயர்லாந்து அணி தன் இடத்தை விட்டுக்கொடுத்ததால்தான் அவர்களால் ஆட முடிந்தது. ஆட்டத்தின் சொந்தக்காரருக்கே படிவம் நிரப்பி இடம் கிடைக்காத அமைப்பு இது. உங்களுக்கு 1,800 டொலருக்கு இடம் எழுதித்தருகிறாராம் ஒருவர்.

செப்டெம்பர் போட்டிக்கு மகனை அனுப்புங்கள், நன்றாக இருக்கும். பெரிய உடம்புப் பிள்ளை என்றால் முதல் இரண்டு ஆட்டத்தில் மூச்சு வாங்கும், இப்போதிருந்தே வாரம் மூன்று நாள் ஓடவிடுங்கள். வெட்டிய ஸ்டிக்கோடு இன்னொன்றும் அணிக்குள் இரவல் வாங்கிக் கொண்டுபோகட்டும், நடுவர் ஒன்றைத் தள்ளிவைத்தால் கைகொடுக்கும்.

அந்தக் கோச் திரும்பவும் தொலைபேசி எடுத்தால் சண்டை பிடிக்க வேண்டாம். ‘சிக்ஸஸில் ஸ்டிக் எத்தனை அங்குலம் வரை இருக்கலாம்?’ என்று மட்டும் கேட்டுவிட்டு, ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருங்கள்.