அந்தக் கடைப்பையன் பெயர் லூசியன்

காய்கறிக் கடைப்பையன் ஒருவன் வரும் படம் எது, அவன் பெயர் என்ன என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தேடும் படம் ழான்-பியேர் ழெனே இயக்கி 2001-ல் வந்த பிரெஞ்சுப் படமான 'அமெலி'தான். காய்கறிக் கடையில் முதலாளியிடம் எப்போதும் திட்டு வாங்கும் பையன் லூசியன். நடித்தவர் ஜமெல் தெபூஸ். முதலாளி பெயர் கொலிஞோன். அவர் வீட்டுக்குள் கதாநாயகி அமெலி புகுந்து பற்பசை இருந்த இடத்தில் கால் கிரீமை வைப்பதும், செருப்பைச் சின்ன அளவில் மாற்றுவதும் இவனுக்காகத்தான். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிக்காத இடம் அது.

படத்தில் வரும், காசு போட்டால் தானே படம் எடுத்துத் தரும் புகைப்படக் கூண்டின் மர்மத்துக்கு விடை சாதாரணமானது. கிழித்துப் போட்ட படங்களில் திரும்பத் திரும்ப வரும் அந்த மொட்டைத்தலை ஆள், இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர். சோதித்துப் பார்க்கத் தன்னையே படம் எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

ஓவியம் வரையும் முதியவர் துஃபாயேல். எலும்பு நொறுங்கும் நோய் என்பதால் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார். பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் படகு விருந்து ஓவியத்தை ஆண்டுக்கு ஒருமுறை நகலெடுப்பார். அதில் தண்ணீர்க் குவளையோடு இருக்கும் பெண்ணின் முகம் மட்டும் அவருக்குப் பிடிபடாது. அவளைப் பற்றிப் பேசுவதுபோல அவரும் அமெலியும் அமெலியைப் பற்றியே பேசிக்கொள்வார்கள். என்னைக் கேட்டால், காதல் கதையைவிட இந்த இருவர் பேச்சுதான் படத்தின் உயிர்.

பார்வையற்ற ஒருவரின் கையைப் பிடித்து, அமெலி தெருவில் கண்ணில் படுவதையெல்லாம் மளமளவென்று சொல்லிக்கொண்டே நடக்கும் காட்சியும் இதில்தான். அமெலி தன் வீட்டில் கண்டெடுக்கும் பழைய தகரப் பெட்டி அதன் சொந்தக்காரரிடம் போய்ச் சேர்ந்ததும் அந்தக் காட்சி வருகிறது, அங்கிருந்து தேடிப் பாருங்கள்.