சலாலாவுக்குக் குடை எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு ஓமன் நாட்டில், சலாலா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்திருக்கிறது. ஜூலையில் கிளம்ப வேண்டும். “துபாய் மாதிரிதான், இரண்டே வருடத்தில் வீடு கட்டிவிடலாம்” என்கிறார் மைத்துனர். “வெறும் மணல், என் பிள்ளை உடம்பு தாங்காது” என்று அழுகிறார் மாமியார். அங்கே இருக்கும் நண்பரோ, “மறக்காமல் குடை எடுத்து வா” என்கிறாராம். கேலி செய்கிறாரா? அது எப்படிப்பட்ட ஊர்? நானும் மகளும் பிறகு போக முடியுமா?
- ஒரு வாசகி, அறந்தாங்கி

பதில்: நண்பர் கேலி செய்யவில்லை, சகோதரி. குடையை முதலில் பெட்டியில் வையுங்கள்.

குற்றாலத்தில் சாரல் விழும் அதே மாதங்களில், அதே தென்மேற்குப் பருவக்காற்று சலாலாவையும் தொடுகிறது. அந்தக் காற்றினால் கரையோரக் கடலின் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன்மேல் வரும் ஈரக்காற்று மூடுபனியாகி, ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையில் முட்டி நிற்கிறது. ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை மாவு சலித்தது போன்ற தூறல். மலை முழுக்கப் பச்சை. அந்தப் பருவத்துக்கு ‘கரீஃப்’ என்று பெயர். மற்ற வளைகுடா ஊர்கள் நாற்பது டிகிரிக்கு மேல் வேகும்போது இங்கே இருபத்தைந்தைச் சுற்றித்தான் இருக்கும். ஊருக்குள் தென்னை, வாழை, பப்பாளித் தோட்டங்கள். சாலையோரத்தில் இளநீர்க் கடைகள். படத்தை உங்கள் மாமியாரிடம் காட்டினால் நாகர்கோவில் என்றுதான் சொல்வார்.

ஆனால் அவர் அழுவதிலும் பாதி நியாயம் உண்டு. அந்த மலையைத் தாண்டிவிட்டால் பாலைவனம். தலைநகர் மஸ்கட்டுக்குப் போகும் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் சாலையில் பெரும்பகுதி பொட்டல் வெளிதான். வடக்கே ஹஜர் மலைத்தொடர் மூவாயிரம் மீட்டர் வரை எழுகிறது. அங்கே ‘ஃபலஜ்’ என்ற வாய்க்கால்களில் நிலத்தடி நீரைக் கொண்டுவந்து, முறை வைத்து, நேரத்தை அளந்து பங்கிடுகிறார்கள். பகலில் நிழலைப் பார்த்தும் இரவில் நட்சத்திரத்தைப் பார்த்தும் பங்கு பிரித்தவர்கள் அவர்கள். நம் ஊரில் கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைத்த வீட்டுப் பெரியவர்களுக்கு இது உடனே புரியும்.

சலாலாவின் பழைய செல்வம் எண்ணெய் அல்ல, லுபான். நம் சாம்பிராணிக்கு உறவான நறும்பிசின். தூறல் எட்டாத மலையின் மறுபுறத்தில் வளரும் மரத்தின் பட்டையைச் சீவினால் பால் கசியும். அது இறுகியதும் சுரண்டி எடுப்பார்கள். இந்தப் பிசினை ஏற்றிவிட்ட பழைய துறைமுகம் சலாலாவுக்குக் கிழக்கே உள்ள கோர் ரோரி. 2006-இல் அங்கே இத்தாலிய அகழாய்வாளர்கள் ஒரு பானை ஓட்டைக் கண்டெடுத்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘ணந்தை கீரன்’ என்று ஒரு பெயர். உங்கள் கணவருக்கு முன்பே ஒரு கீரன் அங்கே சரக்குக் கணக்கு பார்த்திருக்கலாம். இது என் கற்பனைதான், ஆனால் ஓடு உண்மை.

மைத்துனரின் கணக்குக்கு வருகிறேன். ஓமன் துபாய் அல்ல. வானளாவிய கட்டடங்களை அங்கே தேடாதீர்கள். மஸ்கட்டே வெள்ளை நிறத்தில் தாழ்வாகப் படர்ந்த ஊர். 1970-இல் சுல்தான் காபூஸ் தன் தந்தையை அகற்றிவிட்டு ஆட்சிக்கு வந்தபோது நாட்டில் தார்ச்சாலை பத்துக் கிலோமீட்டர், பள்ளிகள் மூன்று என்பார்கள். எண்ணெய் ஏற்றுமதி 1967-இல்தான் தொடங்கியது. அந்தப் பணத்தில் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் வந்தன. 2020-இல் அவர் மறைந்த பிறகு ஹைதம் பின் தாரிக் சுல்தானாக இருக்கிறார். தினமும் சுமார் பத்து லட்சம் பீப்பாய் எடுக்கிறார்கள். சவூதியோடு ஒப்பிட்டால் அது கொஞ்சம். அதனால்தான் துறைமுகம், மீன், சுற்றுலா என்று வேறு வழி தேடுகிறார்கள். உங்கள் கணவருக்குக் கிடைத்த வேலையும் அந்த வழியில் வந்ததுதான். சொந்த மக்களுக்கு வேலை தருவதிலும் கண்டிப்பு அதிகம். விமான நிலையத்தில் டாக்ஸி ஓட்டுபவர் ஓமானியராகவே இருப்பார். பல பதவிகள் வெளிநாட்டவருக்கு மூடப்பட்டிருக்கின்றன, பட்டியலும் அவ்வப்போது நீள்கிறது. எனவே ஆர்டரிலும் விசாவிலும் ஒரே பதவிப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு ரியால் இருநூறு ரூபாய்க்கு மேல். கேட்டதும் தலை சுற்றும், சுற்ற விடாதீர்கள். அங்கே ரியாலுக்கு நூறு பைசா அல்ல, ஆயிரம் பைசா. வாடகையும் ரியாலில்தான். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, தங்குமிடமும் சாப்பாடும் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். “சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று எவராவது சொன்னால் அன்றோடு அந்தப் பேச்சை முடித்துவிடுங்கள்.

மனிதர்கள் மென்மையானவர்கள். முஸ்லிம்களில் இபாதி என்ற தனிப் பிரிவினரும் சுன்னிகளும் அதிகம், பிற மதத்தவரைத் தொந்தரவு செய்யாதவர்கள். மஸ்கட்டில் பழைய சிவன் கோயிலே இருக்கிறது. சத்தம் போட்டுப் பேசுவதை விரும்ப மாட்டார்கள். ரமலானில் பகலில் பொது இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஒருவர் வீட்டுக்குப் போனால் பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் காபியும் வரும். நான் முதல்முறை போனபோது, குடித்துவிட்டு கோப்பையை மரியாதையாக நீட்டினேன். மறுபடி ஊற்றினார். மறுபடி நீட்டினேன். ஐந்தாவது கோப்பையில் பக்கத்திலிருந்த பையன் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிக் காட்டினான். கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுத்தால்தான் ‘போதும்’ என்று அர்த்தமாம். வலது கையால் வாங்க வேண்டும் என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லிவையுங்கள்.

நீங்களும் மகளும் போகலாமா? போகலாம், ஆனால் உடனே வேண்டாம். குடும்ப விசாவுக்குச் சம்பள வரம்பு உண்டு, அது மாறிக்கொண்டே இருக்கும். அவர் போய், வேலை நிலைத்து, வாடகை என்னவென்று தெரிந்த பிறகு நிறுவனத்திடமே கேட்கட்டும். சலாலாவில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் இந்தியப் பள்ளி இருக்கிறது. நம் ஊரில் தேர்வு முடிந்து ஏப்ரலில் அங்கே சேர்ந்தால் மகளுக்கு ஒரு வருடம் வீணாகாது. அவளுடைய பிறப்புச் சான்றிதழையும் உங்கள் திருமணச் சான்றிதழையும் சான்றொப்பம் பெறும் வேலையை மட்டும் இப்போதே தொடங்கிவிடுங்கள். அதற்குத்தான் நாள் பிடிக்கும்.