100 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் கம்ப்யூட்டர்ல நெட் இழுக்குது, 200-க்கு மாறவா?

கேள்வி: எங்க வீடு குலசேகரம் பக்கம், பழைய வெட்டுக்கல் வீடு. 100 எம்பிபிஎஸ் பைபர் பிளான் போட்டிருக்கோம். ரௌட்டர் சிட்டவுட்ல (முன் வராந்தா) இருக்கு, அங்க நின்னு போன்ல பாத்தா 90-க்கு மேல காட்டுது, ஆனா பின்னால ரூம்ல இருக்க டெஸ்க்டாப்ல வைஃபைல 15-ஐ தாண்ட மாட்டேங்குது. மக ஆன்லைன் கிளாஸ்ல படிக்கா, வீடியோ சுத்திக்கிட்டே நிக்குது. கம்பெனிக்கு போன் போட்டா 200 பிளானுக்கு மாறுங்கன்னு சொல்லுதாங்க, மார்த்தாண்டத்துல கடையில கேட்டா ரிப்பீட்டர் (வைஃபை சிக்னல பிடிச்சு மறுபடி பரப்புற பெட்டி) வாங்குங்கன்னு சொல்லுதாங்க. எதுக்கு பைசா போடணும்?

பதில்: இப்போதைக்கு ரெண்டுக்கும் போடாதீங்க. சிட்டவுட்ல 90 வருதுன்னா கம்பெனிக்காரன் தர வேண்டியத தந்துட்டான், ரௌட்டர்ல இருந்து பின் ரூமுக்கு போற வழியிலதான் மிச்சம் காணாம போவுது. அந்த வழிய சரி பண்ணாம 200 போட்டா பின் ரூம்ல அதே 15தான் வரும், பில்லு மட்டும் கூடும், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற.

மொதல்ல ஒரு லேன் கேபிள் யார்ட்டயாவது எரவல் வாங்கி, சிபியூவ சிட்டவுட்டுக்கு தூக்கிட்டு போய் ரௌட்டர்ல நேரடியா சொருகி ஸ்பீட் டெஸ்ட் போடுங்க. தூக்கறதுக்கு சடவாத்தான் இருக்கும், ஆனா இத செய்யாம எந்தக் கடைக்கும் போவாதீங்க. 90, 94-னு வந்தா கம்ப்யூட்டர் நல்லா இருக்கு, வைஃபைதான் பிரச்சினை. கேபிள்லயும் 15தான்னா கம்ப்யூட்டருக்குள்ளதான் ஏதோ இருக்கு. அப்ப கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கி டாஸ்க் மேனேஜர திறந்து பாருங்க, விண்டோஸ் அப்டேட் எறங்கிட்டு இருக்கும், இல்லன்னா போட்டோ எல்லாம் கிளவுடுக்கு ஏறிட்டு இருக்கும், அப்லோட் அடைச்சிருச்சுன்னா டவுன்லோடும் படுத்துரும். டிஸ்க் 100 சதவீதத்துலயே நிக்குதுன்னா நெட்ட குறை சொல்லி பிரயோஜனமில்ல, ஹார்ட் டிஸ்க்க மாத்தி எஸ்எஸ்டி (சுத்தாத, வேகமான டிஸ்க்) போடுங்க.

உங்க விஷயத்துல வைஃபைதான்னு எனக்கு தோணுது. டெஸ்க்டாப்ல வைஃபை எப்படி வருதுன்னு நீங்க எழுதல, பெரும்பாலும் நகம் அளவுல ஒரு குட்டி யூஎஸ்பி டாங்கிள (வைஃபை பிடிக்கிற குச்சி) சிபியூவுக்கு பின்னால சொருகியிருப்பாங்க. அது மேசைக்கு அடியில, செவத்த பாத்துட்டு, தகர டப்பாவுக்கு பின்னால ஒளிஞ்சு நிக்கும், சிக்னல் எங்க இருந்து கிடைக்கும்? போறாததுக்கு பக்கத்து நீல கலர் யூஎஸ்பி 3 போர்ட்ல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எதாவது சொருகியிருந்தா அதோட இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைய (வைஃபை 2.4, 5-னு ரெண்டு அலைவரிசையில வரும், அதத்தான் பேண்டுன்னு சொல்லுதாங்க) கெடுக்கும். ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி டாங்கிள மேசை மேல கொண்டு வந்து வச்சு பாருங்க, ரொம்ப கொறஞ்ச செலவு, பல வீட்ல இதுலயே வித்தியாசம் தெரியும்.

டாங்கிள் பழசுன்னா அது 2.4 மட்டும்தான் பிடிக்கும். அந்த பேண்ட் தூரம் போவும், ஆனா பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் எல்லாம் அதுலதான் கெடக்கு. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனா உங்க வெட்டுக்கல் செவரு ரெண்டு தாண்டுறதுக்குள்ள செத்துரும். அதனால ரௌட்டர சிட்டவுட்ல இருந்து வீட்டு நடுவுக்கு மாத்த முடியுமான்னு லைன்மேன்ட்ட கேளுங்க, பைபர் வயர நீங்களே மடக்கி இழுக்காதீங்க, ரொம்ப வளைஞ்சா உள்ள போற வெளிச்சம் கொறஞ்சுரும். புது டாங்கிள் வாங்குனா ரெண்டு பேண்டும் பிடிக்கிற டூயல் பேண்டா பாத்து வாங்குங்க. பெட்டியில ஏசி 600-னு போட்டிருந்தா 600 வரும்னு நெனைக்காதீங்க, ரெண்டு பேண்டோட நம்பரையும் கூட்டிப் போட்டு விக்காங்க.

எனக்க சாய்ஸ் கேட்டா, டெஸ்க்டாப் ஒரு எடத்துலயே இருக்கதுதானே, கேட் 6-னு சொல்லுற லேன் கேபிள் ஒண்ணு இழுத்துருங்க. 100 மீட்டர் வரைக்கும் போவும், மழையோ செவரோ கணக்கில்ல. சுத்த செம்பு கேபிளான்னு கேட்டு வாங்குங்க, அலுமினியத்துக்கு மேல செம்பு பூசுனது மலிவா கிடைக்கும், வேண்டாம். ஒண்ணு மட்டும், இடி மின்னல் நேரத்துல ரௌட்டர் அடாப்டரையும் லேன் கேபிளையும் உருவிருங்க. நம்ம ஊர் ஐப்பசி மழையும் சித்திரை கோடை மழையும் சும்மா போறதில்ல, பைபர்ல கரண்ட் வராது, ஆனா பிளக் வழியா வரும்.

அப்புறம் 200 பிளான் பத்தி. உங்க பழைய டெஸ்க்டாப்போட லேன் போர்ட் 10/100 வகையா இருந்தா 100-க்கு மேல அது எடுக்கவே எடுக்காது. கேபிள்ல எட்டு வயர்ல ஒண்ணு அறுந்திருந்தாலும் 1000 எம்பிபிஎஸ் போர்ட் கூட 100-க்கு எறங்கிரலாம். விண்டோஸ் செட்டிங்ஸ்ல லிங்க் ஸ்பீட்னு ஒரு வரி இருக்கும், அத பாத்துட்டு பிளான பத்தி யோசிங்க. ரிப்பீட்டர் கடைசி வழி, மலிவு சிங்கிள் பேண்ட் ரிப்பீட்டர் வேகத்த பாதியாக்கிரும்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ்னு சொல்லிட்டு டவுன்லோட் போட்டா 12தான் காட்டுது, ஏமாத்துதாங்களா? (தக்கலை)

பதில்: இல்ல. பிளான் பிட்ல சொல்லுவாங்க, டவுன்லோட் பைட்ல காட்டும், 8 பிட் ஒரு பைட். 100-ஐ 8-ஆல வகுத்தா 12.5. சரியாத்தான் வருது.

கேள்வி: காலையில பறக்குது, ராத்திரி 8 மணிக்கு மேல ஒண்ணும் ஓட மாட்டேங்குது. கம்ப்ளைன்ட் சொன்னா ரௌட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு சொல்லுதாங்க. (கருங்கல்)

பதில்: ஒரு வாரம் ராத்திரி அதே நேரத்துல லேன் கேபிள்ல டெஸ்ட் போட்டு, தேதி தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. வைஃபைல எடுத்தா உங்க வைஃபைதான் கோளாறுன்னு தட்டிருவாங்க. அன்லிமிடெட் பிளானுக்கும் பெரும்பாலும் எல்லை உண்டு, பல பிளான்ல மாசம் 3300 ஜிபி, அது தீந்துருச்சான்னும் ஆப்ல பாத்துருங்க. தீரலன்னா அப்ப கம்பெனி பக்கம்தான், நெறைய வீட்டுக்கு ஒரே லைன பங்கு போட்டிருப்பாங்க.

போன்ல பேசி விட்டுராம கம்ப்ளைன்ட்டுக்கு டாக்கெட் நம்பர் (புகார் பதிவு எண்) வாங்குங்க. சரியாவலன்னா அதே கம்பெனியோட அப்பீல் அதிகாரிக்கு எழுதலாம், ஃபீஸ் இல்ல. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனும் இருக்கு. அதுக்கும் மசியலன்னா நாகர்கோவில்ல மாவட்ட நுகர்வோர் கமிஷன். டெலிகாம் விஷயத்துக்கு அங்க போக முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, போகலாம்னு சுப்ரீம் கோர்ட் 2022-லயே சொல்லிருச்சு. கட்டுன பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா அங்கயும் ஃபீஸ் கெடையாது, வக்கீல் வைக்கணும்னும் இல்ல, அந்த ஸ்கிரீன்ஷாட்டும் டாக்கெட் நம்பரும் பில்லும் கையில இருந்தா போதும்.