கார் சப்வூஃபரில் ஃபேஸ் சுவிட்ச் 0-வில் இருக்க வேண்டுமா, 180-இல் இருக்க வேண்டுமா? பெட்டியை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். ஹேட்ச்பேக் காரின் டிக்கியில் 12 அங்குல சப்வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்), அதன் ஒலி அலையை நேராக (0) அல்லது தலைகீழாக (180) அனுப்பும் ஃபேஸ் சுவிட்ச். டிக்கியைத் திறந்துவிட்டுக் காருக்குப் பின்னால் நின்றால் நெஞ்சு அதிர்கிறது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் பேஸ் பாதி காணவில்லை. கடைக்காரர், "பவர் பத்தாதுங்க, பெரிய ஆம்ப் போட்டுக்கலாமுங்க" என்கிறார்.

போடாதீர்கள். வெளியே நெஞ்சு அதிர்கிறது என்றால் பவர் இருக்கிறது என்றுதான் பொருள். ஆம்ப்ளிஃபயரைப் பெரிதாக்குவதற்கு முன், காசு செலவில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, எல்லாக் கதவுகளையும் சாத்தி, பாட்டு ஓடும்போது ஸ்டீரியோவில் ஃபேடரை முழுவதும் பின்பக்கம் தள்ளி முன் கதவு ஸ்பீக்கர்களை நிறுத்துங்கள். ஸ்பீக்கரைக் குறைத்திருக்கிறீர்கள், ஆனால் பேஸ் கூடினால்? உங்கள் முன் கதவுகளும் சப்வூஃபரும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருக்கின்றன. திருப்பூர் வட்டாரத்தில் நண்பர்களின் கார்களை நோண்டிப் பார்ப்பது என் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இந்தப் புகாருடன் வரும் கார்களில் பெரும்பாலும் இந்தச் சண்டைதான் நடக்கிறது.

ஆடி நோம்பிக்கு வேப்பமரத்தில் கட்டும் தூரியை (ஊஞ்சலை) இரண்டு பேர் ஆட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தள்ளும் நேரத்தில் மற்றவரும் அதே திசையில் தள்ளினால் தூரி கிளையைத் தொடும். எதிர்த்திசையில் தள்ளினால் அப்படியே நின்றுவிடும். இருவருக்கும் பலம் ஒன்றுதான், நேரம்தான் வேறு. ஒரே அளவு ஒலி இரண்டு இடங்களிலிருந்து ஒத்த நேரத்தில் வந்தால் 6 டெசிபல் கூடுகிறது. 180 பாகை, அதாவது அரை அலை, விலகி வந்தால் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. இரண்டின் பலமும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் இடத்தில்தான் இந்த அழிவு பெரிதாக நடக்கும். காரில் அந்த இடம் கதவு ஸ்பீக்கர் கைவிட்டு சப்வூஃபர் ஏற்றுக்கொள்ளும் 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. 40 ஹெர்ட்ஸில் கதவு ஸ்பீக்கரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அதனால் அங்கே சண்டையும் இல்லை.

இந்த வகைக் காருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். எனவே 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர். ஓட்டுநரின் காதுக்கும் வலது முன் கதவு ஸ்பீக்கருக்கும் ஒரு மீட்டர், டிக்கிப் பெட்டிக்கு இரண்டேகால் மீட்டர் என்று வைத்தால் வித்தியாசம் 1.2 மீட்டருக்கு மேல். அது 80 ஹெர்ட்ஸில் சுமார் 100 பாகை. இதோடு நிற்பதில்லை. ஆம்ப்ளிஃபயரில் உள்ள லோ-பாஸ் ஃபில்டரும் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடுவது) ஒலியைத் தாமதப்படுத்துகிறது. ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபல் சரிவுள்ள ஃபில்டர், வெட்டும் இடத்தில் 90 பாகை பின்னால் தள்ளும். கதவு ஸ்பீக்கருக்கு எந்த ஃபில்டரும் போடாமல், சப்வூஃபருக்கு மட்டும் 80-இல் வெட்டியிருந்தால் (கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமல் ஆம்ப் சேர்த்த கார்களில் இதுதான் வழக்கம்) மொத்தம் 190 பாகை. கிட்டத்தட்ட நேர் எதிர்!

அந்தக் காரில் சுவிட்சை 180-க்குத் தட்டினால் பேஸ் திரும்பி வந்துவிடும். அதற்காக, "எல்லாருக்கும் 180 வையுங்கள்" என்று சொல்ல மாட்டேன். அதே கார், அதே பெட்டி, ஆனால் ஃபில்டரின் சரிவு 24 டெசிபல் என்றால் ஃபில்டர் மட்டுமே 180 பாகை நகர்த்திவிடும். தூரத்தையும் சேர்த்தால் 280. அது 180-ஐவிட முழுச் சுற்றான 360-க்கு நெருக்கம் என்பதால் இப்போது 0-தான் சற்று மேல். கதவு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் இயல்பாகவே கொஞ்சம் நகர்வு உண்டு. அது இந்தக் கணக்கில் வரவில்லை. ஆகவே கணக்கு எதை எதிர்பார்க்கலாம் என்று சொல்லும். தீர்ப்பு உங்கள் காதுடையது.

செய்முறை இதுதான். காங்கேயம்–தாராபுரம் சாலை போன்ற சத்தமில்லாத இடத்தில் காரை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டீரியோவில் ஹை-பாஸ் (தாழ்ந்த ஒலியை வெட்டும் ஃபில்டர்) வசதி இருந்தால் கதவுகளுக்கு 80 ஹெர்ட்ஸ் வையுங்கள்; சப்வூஃபருக்கும் அதே 80. 60 முதல் 90 ஹெர்ட்ஸ் வரை தனித்தனி டோன்களை (ஒரே அதிர்வெண்ணில் ஒலிக்கும் சோதனை ஒலிகளை) ஓடவிட்டு, நீங்கள் ஓட்டும் நிலையிலேயே உட்கார்ந்திருக்க, இன்னொருவர் சுவிட்சை மாற்றட்டும். எதில் சத்தம் அதிகமோ அதுவே சரி. டோன் பிடிக்காதவர்கள் பேஸ் கிதார் நன்றாக ஓடும் எண்பதுகளின் திரைப்பாட்டு ஒன்றைப் போடலாம். பேஸ் கிதாரின் நான்கு தந்திகளும் மீட்டினால் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸில் ஒலிப்பவை. ஃபேஸ் தவறியிருந்தால் அடித் தந்தி உறுமும், மூன்றாம் தந்தியில் ஏறும்போது கிதார்காரர் வாசிப்பதை நிறுத்தியதுபோல் இருக்கும். அதைக் கேட்டுப் பழகிய காது பிறகு ஏமாறாது.

இரண்டு நிலையிலும் சத்தம் ஒன்றாகவே இருந்தால் நீங்கள் 90 பாகைக்கு அருகில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். லோ-பாஸை 70-க்கு இறக்கிப் பாருங்கள். அல்லது பெட்டியைத் திருப்புங்கள். டி.எஸ்.பி. (ஒலியை டிஜிட்டலாகச் சீரமைக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு நல்ல குறுக்குவழி உண்டு: வேண்டுமென்றே சப்வூஃபரைத் தலைகீழாக்கி, 80 ஹெர்ட்ஸ் டோன் மிகவும் தேய்ந்துபோகும் வரை கதவுகளின் தாமதத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள்; தேய்ந்த இடத்தில் நிறுத்தித் தலைகீழை நேராக்குங்கள். உச்சத்தைத் தேடுவதைவிடப் பள்ளத்தைத் தேடுவது காதுக்கு எளிது. ஒரு மில்லி நொடி என்பது 34 சென்டிமீட்டர்.

இதற்கெல்லாம் முன்பாக வயரைப் பார்த்துவிடுங்கள். ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில், பாசிட்டிவ் பாசிட்டிவில் படும்படி, ஒரு கணம் தொட்டால் கோன் (ஸ்பீக்கரின் அசையும் கூம்பு) வெளியே தள்ள வேண்டும். இரண்டு கம்பிச் சுருள்கள் (டபுள் காயில்) உள்ள ஸ்பீக்கரில் ஒரு சுருளின் வயர் மட்டும் மாறிப் போயிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கோன் அசையவே அசையாது. அதை எந்தச் சுவிட்சும் சரிசெய்யாது.

இனிப் பெட்டி. "பின்பக்கம் பார்த்து வைத்தால்தான் பேஸ் வரும்" என்பது பாதி உண்மை. நான்கு மீட்டர் நீள அலைக்குப் பின்சீட்டின் பஞ்சு ஒரு தடையே அல்ல. எந்தப் பக்கம் பார்த்தாலும் அது உங்களிடம் வரும். திருப்பும்போது உண்மையில் மாறுவது கோனின் இடம். 35 சென்டிமீட்டர் நகர்ந்தால் 80 ஹெர்ட்ஸில் 30 பாகை மாறுகிறது. பெட்டியை நகர்த்தியதும் ஃபேஸை மறுபடியும் சோதிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. ஹேட்ச்பேக்கில் பெட்டியைப் பின்கதவுக்கு அருகில், பின்பக்கம் பார்த்து வைத்துத் தொடங்குங்கள். கோனுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண் இடமாவது இருக்கட்டும். செடான் கார் வேறு கதை: டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவே தகரம் இருக்கிறது, ஆம்ரெஸ்ட் திறப்பு வழியாகவோ பார்சல் டிரே வழியாகவோ ஒலிக்குப் பாதை விட வேண்டும். பார்சல் டிரேயில் பெட்டியே இல்லாமல் ஸ்பீக்கரைப் பதித்தால் சுற்றியுள்ள ஓட்டைகளை எல்லாம் அடையுங்கள். கோனின் முன் அலையும் பின் அலையும் நேர் எதிரானவை. ஓட்டை வழியாகச் சந்தித்தால் அங்கேயே தீர்ந்துபோகும்.

பெட்டியைக் கட்டாயம் இறுக்குங்கள். தளர்வாக இருந்தால் தடதடக்கும், அந்தத் தடதடப்பு பின்னாலிருந்து வருவது காதுக்கு உடனே தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், பெருந்துறை பைபாஸில் 90-இல் போகும்போது பிரேக் அடித்தால் இருபது கிலோ எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) பெட்டி பின்சீட்டுக் குழந்தைகள் மேல் வரும். எல் கிளாம்ப் போடலாம், ஆனால் தரையில் துளையிடுவதற்கு முன் காருக்கு அடியில் குனிந்து பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிடுங்கள். டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் இருந்தால் பெட்டி ஆசையை விட்டுவிட்டு, இருக்கைக்கு அடியில் வைக்கும் சிறிய ஆக்டிவ் (ஆம்ப் உள்ளேயே உள்ள) சப்வூஃபர் வாங்குங்கள். காதுக்கு நெருக்கமாக இருப்பதால் ஃபேஸ் தொல்லையும் குறைவு.

கடைசியாக, பெட்டிக்குள் பனியன் வேஸ்ட் அடைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் ஊரில் அது சும்மா கிடைக்கிறது என்பதால் அடைக்கிறார்கள். மூடிய பெட்டியில் கெடுதல் பெரிதாக இல்லை, ஆனால் நாளாக ஆக அமுங்கிக் கட்டியாகி மூலையில் உட்கார்ந்துகொள்ளும், ஈரமும் பிடிக்கும். தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சு நல்லது, தளர்வாகப் போடுங்கள். போர்ட் (காற்றுக் குழாய்) வைத்த பெட்டி என்றால் சுவர்களில் மட்டும் ஒட்டுங்கள், குழாயின் வாய் திறந்தே இருக்க வேண்டும்.