சிறிய வீடு, பெரிய சாய்ப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

மார்த்தாண்டம் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். ஒன்பது வருடம் குவைத்தில் நர்ஸாக இருந்துவிட்டுப் போன வருடம் ஊருக்குத் திரும்பினேன். அவர் எலக்ட்ரீஷியன். கடன் வாங்கக் கூடாது என்று, இருந்த பணத்துக்கு 4 சென்ட் வாங்கி 520 சதுர அடியில் வீடு கட்டினோம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, அடுக்களை, பாத்ரூம். நாங்கள் இரண்டு பேர், மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8, கூட அவர் அம்மா, என் மாமியும் இருக்கிறார்கள்.

குவைத்தில் ஓர் அறையில் நாலு பேர் இருந்தோம். ஒரு கட்டில், ஒரு சூட்கேஸ், அவ்வளவுதான் என் உடைமை. ஒரு குறையும் தெரியவில்லை. குறைந்த சாமானோடு வாழ்கிற மினிமலிசம் பற்றிய வீடியோக்களை அங்கேதான் பார்க்க ஆரம்பித்தேன். இங்கே வந்ததும் என் கல்யாணத்துக்கு வீட்டில் தந்த ஸ்டீல் அலமாரி, டிரெஸ்ஸிங் டேபிள், டைனிங் டேபிள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். வீடு காலியாக, வெளிச்சமாக இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் பால்காய்ப்புக்கு வந்தவர்கள், “ஒம்பது வருசம் கல்ஃப்ல கெடந்தவ கெட்டுன வீடா இது, கோழிக்கூடு மாதிரில்லா இருக்கு” என்றார்கள். மகள் கூட்டுக்காரிகளை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. மாமி ஒரு வெண்கல உருளியையும் இரண்டு பித்தளைக் குட்டுவப் பானையையும் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். யாரும் புழங்குவதில்லை, விற்றுவிடலாமே என்றால் பதில் சொல்லாமல் எழுந்து போகிறார்கள். ஆடிச் சாரலில் துணி காயாமல் ஹால் முழுக்கக் கொடி கட்டியிருந்தேன். முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்துவிட்டால் வீடு எடுப்பாகத் தெரியும் என்கிறார் அவர்.

பிள்ளைகளுக்கு அநியாயம் செய்கிறேனா அக்கா? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

பெயர் வேண்டாம் என்றதால் இப்படிக் கூப்பிடுகிறேன். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கிவிட்டேன், கோபப்படாதீர்கள்.

முதலில் அந்தக் கோழிக்கூடு. அப்படிச் சொன்னவர்கள் உங்கள் வீட்டை அளக்கவில்லை, குவைத்தை அளக்கிறார்கள். நம் குமரி மாவட்டத்தில் வெளிநாடு போனவர் கட்டும் வீடு ஒரு ரசீது. போனேன், சம்பாதித்தேன், பார்த்துக்கொள் என்று ரோட்டோரம் ஒட்டி வைக்கும் ரசீது. என் தெருவில் பதினொரு வீடு. ராத்திரியானால் நாலு வீட்டில் ஒரே ஓர் அறையில்தான் வெளிச்சம் இருக்கும். வயசான இரண்டு பேர் கீழே, மாடி பூட்டிக் கிடக்கும், மாசம் ஒருக்க யாராவது வந்து பெருக்கிவிட்டுப் போவார்கள். என் வீட்டையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009இல் 1,800 சதுர அடி கட்டினேன், இன்று புழங்குவது மூன்று அறை. ஆகவே பெரிய வீடு கட்டியவர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. (உங்களுடையதைச் ‘சின்ன வீடு’ என்று எழுதவும் வழியில்லை, நம்மூரில் அதற்கு வேறு அர்த்தம். சிறிய வீடு என்றே எழுதுகிறேன்.)

டைனிங் டேபிள் இல்லை என்று யாராவது இழுத்தால் அவர்களைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போங்கள். ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து சாப்பிட்ட ஊட்டுப்புரை அங்கே இருக்கிறது. நீளமான வெறும் தரை. மகாராஜா வீட்டுச் சாப்பாடே அப்படி.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஓர் இடம் எனக்கு இடிக்கிறது. வீடு காலியாக இருக்கிறது என்று எழுதிய கையோடு, ஹால் முழுக்க ஈரத்துணி தொங்கியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்த வீடியோக்களில் மழையே பெய்திருக்காது. நமக்கு இரண்டு மழை. ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. அதை ஒட்டித்தான் நம் வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைந்தது. அந்த வயல்களில் பெரும்பகுதி இன்று வாழையும் தென்னையுமாக, மனையாக ஆகிவிட்டது, ஆனால் மழை அதே மழைதான். ஐந்து பேர் துணியை வருடத்தில் நாலு மாசம் எங்கே காயப்போடுவது என்பதற்குப் பதில் இல்லாத வீடு காலியாக இருந்து பிரயோஜனம் இல்லை.

நம் பாட்டிமார் அன்றைக்கே மினிமலிஸ்ட்டுகள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தக்கலைக்குப் பக்கத்தில் என் பாட்டி வீடு ஓட்டு வீடு, உள்ளே ஏறக்குறைய 300 சதுர அடி இருந்தால் அதிகம். சுருட்டி வைத்த பாய்கள், உறி, மாடக்குழியில் விளக்கு, கொடியில் நாலு துணி. படம் எடுத்தால் உங்கள் வீடியோக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கேமராவைக் கொஞ்சம் திருப்பிப் பின்சுவரை ஒட்டிச் சரிவாக இறக்கிய சாய்ப்பைக் காட்டினால் ஓடிவிடுவார்கள். தென்னையின் கதம்பை, கொதும்பு, சிரட்டை, மட்டை, அறுந்த கிணற்றுக் கயிறு, பிடி போன மண்வெட்டி, மூடி தொலைந்த டப்பா, ஒற்றைச் செருப்பு. பாட்டி ஒன்றையும் எறிந்தது கிடையாது, கதம்பை எரிந்த சாம்பல்கூடப் பாத்திரம் தேய்க்க இருந்தது. குளியல் புத்தனாற்றுக் கால்வாயில். படிப்பு திண்ணையில். சண்டை முற்றத்தில். பொன்னும் பொருளும் பேசி முடிக்கிற கல்யாணப் பேச்சு கோயில் ஆலமரத்து மூட்டில். வீட்டுக்குள் செய்ய வேண்டியது என்று சமையலும் உறக்கமும் நோவும் பிரசவமும்தான் மிச்சம் இருந்தது. அதற்கு 300 சதுர அடி போதும்.

குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரை ஊர்களில் இப்போதும் இதைப் பார்க்கலாம். சுவரும் சுவரும் ஒட்டிய வீடுகள், தெருதான் அவர்களுக்கு முன்னறை. சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து பேன் பார்க்கிற, மீன் பேரம் பேசுகிற பெண்களிடம் மினிமலிசம் என்று சொல்லிப் பாருங்கள். அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் கட்டுகிற வீடு 360 சதுர அடி. அதற்குப் பேர் வந்துவிட்டதா என்று பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் காத்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே உங்கள் 520ஐக் குறைச்சல் என்று நினைக்க வேண்டாம். பெரிய தியாகம் என்றும் நினைக்க வேண்டாம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 4 சென்ட் என்றால் 1,742. வீடு போக ஏறக்குறைய 1,220 சதுர அடி வெளியே கிடக்கிறது. உங்களிடம் இருப்பதிலேயே பெரிய அறை அதுதான், அதை நீங்கள் இன்னும் வீட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குள் வீட்டுக்காரர் அதன் மேல் இன்டர்லாக் பதிக்கப் பார்க்கிறார். வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்டர்லாக் பதித்த முற்றம் எடுப்பாகத்தான் இருக்கும், பார்க்க. மத்தியானம் கால் வைக்க முடியாது, அந்தச் சூடு ராத்திரி வரைக்கும் சன்னல் வழியாக உள்ளே வரும். இரண்டு மழையும் நிலத்தில் இறங்காமல் ரோட்டுக்கு ஓடும். கேட்டில் இருந்து வாசல் வரைக்கும் பைக் போக ஒரு பட்டை போதும். மீதி மண்ணாகக் கிடக்கட்டும், ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, பையன் குழி தோண்ட ஒரு மூலை.

அந்தப் பணத்தில் பின்சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்குங்கள். 20 அடி நீளம், 8 அடி அகலம். மழையில் துணி காய, துவைக்க, தேங்காய் உரிக்க, வருகிறவர்கள் உட்கார, பழைய சாமான் போட. அதன் ஒரு முனையில் 7 அடியை மட்டும் செங்கல் வைத்து அடைத்துவிடுங்கள். ஒரு சன்னல், ஒரு கதவு. கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள்.

இந்தத் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாட்டி வீட்டைப் பற்றி மேலே அழகாக எழுதிவிட்டேன், அதில் ஒன்றை விட்டுவிட்டேன். அம்மை சேலை மாற்ற வேண்டும் என்றால் நாங்கள் நாலு பிள்ளைகளும் வெளியே போய் நிற்க வேண்டும், மழையானாலும். நான் வயசுக்கு வந்த பிறகு துணியை எங்கே ஒளித்துக் காயப்போடுவது என்பதே பெரிய படிப்பாக இருந்தது. அழ வேண்டும் என்றால் கால்வாய்க்குப் போக வேண்டும், அங்கே யாராவது குளித்துக்கொண்டிருப்பார்கள். தாழ்ப்பாள் உள்ள கதவு ஒன்று எனக்கென்று கிடைத்தபோது வயசு 26, வேலை கிடைத்து ஹாஸ்டலுக்குப் போன இடத்தில். முதல் நாள் சாப்பிடக்கூடப் போகவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிற்பாடு 1,800 சதுர அடி கட்டியது வேறு எதற்கும் இல்லை, அந்த ஒரு நாளுக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு கதவு தேவைப்பட்டது, ஒன்பது கதவு வைத்துவிட்டேன்.

குவைத் அறையில் உங்களுக்குக் குறை தெரியவில்லை என்கிறீர்கள். நாலு பேரும் பெரியவர்கள், வேலைக்குப் போய் வந்து படுக்கிறவர்கள், என்றைக்காவது ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்று தெரிந்தவர்கள். 13 வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது. அவள் கூட்டுக்காரிகளைக் கூப்பிடாததற்குக் காரணம் வீடு சிறியது என்பதாக எனக்குப் படவில்லை. வந்தால் அவர்களோடு எங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பாள்? அந்த 56 சதுர அடியை அவளுக்குக் கொடுங்கள். சுவருக்கு என்ன நிறம் என்று அவளே சொல்லட்டும். உள்ளே குப்பையாக வைத்துக்கொண்டாள் என்றால் மினிமலிசத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்துவிடுங்கள்.

மாமியின் உருளிக்கு வருகிறேன். நீங்கள் கொடுத்த அலமாரியும் மேசையும் உங்களுக்குத் தந்தவை, நீங்கள் கொடுத்தீர்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. உருளி அப்படி இல்லை.

1987இல் நான் அம்மையின் பித்தளைக் குட்டுவத்தை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கினேன். கனம், தேய்த்து மாளாது, ஈயம் பூச ஆளும் வருவதில்லை. எல்லாம் சரியான காரணங்கள். அம்மை இரணியலில் இருந்து கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்தது, விளிம்பில் புள்ளி புள்ளியாக அவள் பேர் வெட்டியிருக்கும். கடைக்காரர் அதைத் தராசில் வைக்கும்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரொம்ப நாள் கழித்து, ஏதோ ஒரு மனுவுக்காக வீட்டுக் காகிதங்களை எடுத்து அடுக்கும்போதுதான் உறைத்தது. பட்டா அப்பா பேரில். ரேஷன் கார்டு அப்பா பேரில். கரன்ட் பில் அப்பா பேரில். அந்த வீட்டில் அம்மையின் பேர் எழுதியிருந்த ஒரே சாமானை நான் கிலோ கணக்கில் விற்றிருக்கிறேன். அம்மை சாகிற வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொங்கலுக்குத் தண்ணீர் அளக்கும்போது மட்டும், “குட்டுவம்னா கழுத்து வரைக்கும் விட்டாப் போதும்” என்று ஆரம்பிப்பாள். நிறுத்திக்கொள்வாள்.

ஆகவே மாமியிடம் இனி அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பல வருடம் வீடுகள் கட்டினார். 2007இல் காலமானார். செலவைக் குறைக்க அவர் செய்தவற்றில் ஒன்று, இருக்கையைச் சாமானாக வாங்காமல் செங்கலில் சுவரோடு சேர்த்தே கட்டிவிடுவது. உங்கள் ஹாலில் சன்னலுக்குக் கீழே அப்படி ஒரு திண்டு கட்டுங்கள். ஒன்றரை அடி உயரம், இரண்டடி அகலம், மேலே கடப்பைக்கல், கீழே பொந்தாக விட்டு முன்னால் ஒரு சின்னக் கதவு. இரண்டு குட்டுவமும் உள்ளே போகும். உருளியை உள்ளே வைக்க வேண்டாம், மேலே வையுங்கள். வருகிறவர்களுக்கு உட்கார இடம் ஆச்சு, ராத்திரி பையன் படுக்கவும் ஆகும். மாமி கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியதும் இல்லை.

சாய்ப்புக்கு மேலே தகர ஷீட் போட்டுவிடலாம் என்பார் உங்கள் வீட்டுக்காரர், ஒரே நாளில் வேலை முடியும் என்று. விடாதீர்கள். ஆடி மழையில் ஷீட்டுக்குக் கீழே மகள் படிக்க முடியாது, ஃபோன்கூடப் பேச முடியாது. ஓடு போடச் சொல்லுங்கள். பழைய வீடு பிரிக்கிற இடங்களில் நல்ல ஓடு கழிவு விலைக்குக் கிடைக்கும். தட்டிப் பார்த்து வாங்க வேண்டும், கணீர் என்று கேட்டால் எடுக்கலாம், மொட்டைச் சத்தம் வந்தால் உள்ளே கீறல் இருக்கிறது. உடைந்தால் மாற்றிப் போட நூறு ஓடாவது கூடுதலாக வாங்கி வையுங்கள். எங்கே வைப்பது என்று கேட்காதீர்கள், சாய்ப்பில்தான்.

அன்புடன்,
அக்கா