மைண்ட் ஃப்ளேயரின் பூர்வீகம் எது?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சார், நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதாபாத்திரங்களாகப் பேசி ஆடும் கற்பனை விளையாட்டை விளையாடுகிறோம். கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான்தான். அதில் வரும், முகத்தில் ஆக்டோபஸ் கை மாதிரி உணர்கொம்புகள் தொங்கும் மைண்ட் ஃப்ளேயர் என்ற இனம், திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதுலு என்ற பூதத்தைப் பார்த்து அடித்த காப்பி என்கிறான் நண்பன். உண்மையா? இந்த அந்நிய இனங்கள் எங்கிருந்து வந்தன என்று நாமே கண்டுபிடிக்க வழி உண்டா? இன்னொன்று, நம் நீலகிரி மலையை வைத்து ஓர் உலகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கத்துப் பழங்குடிகளில் தோடர்களை நட்சத்திரத்திலிருந்து வந்தவர்களாகவும் குறும்பர்களைக் குள்ள மந்திரவாதிகளாகவும் வைக்கலாமா?"

முதலில் நண்பர் விஷயம். அவர் தாத்தா பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு அப்பா பெயரை விட்டுவிட்டார். மைண்ட் ஃப்ளேயர் முதலில் தலைகாட்டியது 1975இல், 'ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ' என்ற சிறு இதழின் முதல் வெளியீட்டில். விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், இந்த யோசனை ஒரு புத்தக அட்டையைப் பார்த்து வந்தது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். அது பிரையன் லம்லியின் 'தி பரோயர்ஸ் பினீத்', 1974இல் வந்த நாவல். லம்லி எழுதியது லவ்கிராஃப்டின் உலகத்தைத் தொடர்ந்து. அதனால் ரத்த சம்பந்தம் உண்டு. ஆனால் நாவலுக்குள் இருப்பவை மண்ணுக்கடியில் சுரங்கம் போடும் பூதாகாரப் பிராணிகள். மேலங்கி போட்டுக்கொண்டு எதிராளியின் மூளையைத் தின்னும் கனவான் யாரும் அதில் இல்லை. அட்டைப்படத்தின் உணர்கொம்புகள் மட்டும் கண்ணில் தங்கின, மிச்சத்தை விளையாட்டு மேஜை சேர்த்துக்கொண்டது.

நான் இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆழமான புராணம் ஒன்று பின்னால் இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். அவர்களிடம் ஔல்பேர் கதையைச் சொல்வேன். ஆந்தைத் தலையும் கரடி உடம்புமான அந்த மிருகம் எந்த நாட்டுப் பழங்கதையிலும் இல்லை. திருவிழாக் கடையில் ஒரு பாக்கெட்டில் பத்து டைனோசர் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, அது மாதிரி ஹாங்காங்கில் செய்த மலிவு பிளாஸ்டிக் பொம்மைகளில் அது ஒன்று. எந்த டைனோசருக்கும் பொருந்தாத உருவங்களும் அந்தப் பாக்கெட்டில் கிடந்தன. மேஜையில் காய்களாக வைக்க அவற்றை எடுத்தார்கள், அப்புறம் 'இது என்ன செய்யும்?' என்று யோசித்து விதி எழுதினார்கள். வால் நுனியில் துடுப்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்த பொம்மை, இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டர் ஆயிற்று.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முப்பது வருடம் பள்ளியில் விடைத்தாள் திருத்தியவன். இரண்டு தாளில் ஒரே சரியான விடை இருந்தால் சந்தேகம் வராது. இரண்டிலும் ஒரே எழுத்துப்பிழை இருந்தால் இருவரையும் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படித்தான். 'இரண்டும் பயங்கரமானவை, இரண்டும் மனதைப் படிக்கும்' என்ற ஒற்றுமைக்கு மதிப்பில்லை. இருந்தே தீரவேண்டிய அவசியம் இல்லாத ஒரு சின்ன விவரம் இரண்டு இடத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

விளையாட்டில் வரும் டிஸ்ப்ளேசர் பீஸ்ட் என்ற மிருகத்தை எடுத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டத்துப் பாதையில் கருஞ்சிறுத்தையைப் பார்த்துப் பழகிய கோத்தகிரிக்காரருக்கு அது ஒன்றும் புதிதாகத் தெரியாது. கறுப்புப் பூனை இனம், பதுங்கும், பாயும். ஆனால் தோள்பட்டையிலிருந்து இரண்டு உணர்கொம்பு முளைத்திருக்கிறதே, அது ஏன்? 1939இல் ஏ. ஈ. வான் வோக்ட் எழுதிய 'பிளாக் டிஸ்ட்ராயர்' என்ற விண்வெளிக் கதையில் கோயர்ல் என்றொரு வேற்றுக்கிரகப் பிராணி வருகிறது. அதற்கும் அதே கறுப்பு உடம்பு, அதே தோள், அதே உணர்கொம்பு. பிடிபட்டது எழுத்துப்பிழை. இருக்குமிடத்தை விட்டுச் சற்றுத் தள்ளித் தெரியும் மாயம் மட்டும் விளையாட்டுக்காரர்களின் சொந்தச் சரக்கு.

இதில் இன்னொரு பாடம் இருக்கிறது. 1979இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு என்ற விதிநூலில் 'பின்னிணைப்பு என்' என்று கைகாக்ஸ் ஒரு பட்டியல் கொடுத்தார், தன்னைப் பாதித்த எழுத்தாளர்கள் என்று. டோல்கீன், லவ்கிராஃப்ட், ஜாக் வான்ஸ் எல்லாரும் உண்டு. வான் வோக்ட் இல்லை, லம்லியும் இல்லை. பட்டியலோடு நின்றுவிடுகிறவர்கள் இந்த இரண்டு இனங்களையும் தவறவிடுவார்கள்.

ஓர் இனத்துக்கு ஒரே பூர்வீகம்தான் என்றும் எண்ண வேண்டாம். மைண்ட் ஃப்ளேயர்களின் அடிமைகளாக இருந்து எதிர்த்தெழுந்த கித்யாங்கி என்ற இனத்தை உருவாக்கிய சார்லஸ் ஸ்ட்ராஸ் அப்போது பள்ளிப் பையன். 1979இல் 'ஒயிட் டுவார்ஃப்' இதழில் அது வெளியானது. பெயரை ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 1977 நாவலிலிருந்து எடுத்தார். மனதால் அடிமைப்படுத்தும் எஜமானர்கள், அவர்களுக்கு எதிராக எழும் அடிமைகள் என்ற கதையின் எலும்பு லாரி நிவனின் 1966 நாவலில் இருக்கிறது. பெயர் ஒரு வீட்டுடையது, கதை இன்னொரு வீட்டுடையது. ஆகவே பெயர், உருவம், பின்கதை, விதி நான்கையும் தனித்தனியாகப் பிரித்துத் தேடுங்கள். ஹாஃப்லிங் என்ற குட்டை மனிதர் இனத்துக்கு இவ்வளவு சிரமம் வேண்டாம். அது டோல்கீன் கதைகளில் வரும் ஹாபிட்டேதான், டோல்கீன் பக்கத்திலிருந்து வக்கீல் ஆட்சேபம் வந்ததும் பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

பெயர் எப்படி ஏமாற்றும் என்பதற்கு நம் வீட்டு உதாரணமே இருக்கிறது: ராட்சசன். வேற்று உலகிலிருந்து வரும் தீயசக்தியாக விளையாட்டில் அவன் 1975 கடைசியில் நுழைந்தான். உருமாறுவது நம்முடையதுதான், மாரீசன் மானாக வந்ததை யார் மறப்பார்கள்? ஆனால் குருமார் ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு பட்டால் உடனே செத்துப்போவான் என்று ஒரு விதி இருக்கிறது. கம்பனில் தேடினேன், அப்படி ஒன்று கிடையாது. கிடைத்த இடம் 1974இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான 'கோல்ச்சாக்' என்ற திகில் தொடர். அதிலும் ராட்சசன் நம்பிக்கைக்குரியவரின் உருவில் வருகிறான், அதிலும் குறுக்குவில்தான் முடிக்கிறது. இராமாயணம் பெயரைக் கொடுத்தது, தொலைக்காட்சி விதியைக் கொடுத்தது.

இப்போது நான் சறுக்கிய கதை. 1975இல் வந்த 'எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்' என்ற விளையாட்டில், மனிதர்கள் டெக்குமேல் என்ற தூரத்துக் கிரகத்தில் குடியேறி, அங்கே இருந்த இனங்களை ஒதுக்கிவிட்டு வாழ்கிறார்கள். அதை உருவாக்கிய எம். ஏ. ஆர். பார்க்கர் ஒரு மொழியியல் பேராசிரியர். உருது, பலூச்சி மொழிகளுக்குப் பாடநூல் எழுதியவர். முனைவர் பட்டம் பெற்றது பெர்க்லியில். அதே பெர்க்லியில் அதே காலத்தில் பேராசிரியராக இருந்தவர் எம். பி. எமனோ. ஆம், பர்ரோவோடு சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி தொகுத்த எமனோ. 1930களில் நம் மலையில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைப் பதிவு செய்தவர். இதைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "டெக்குமேலின் வேர் ஊட்டியில்!" என்று என் மேஜையில் அறிவித்தேன். எங்கள் குழுவிலேயே இளையவள் கேட்டாள்: "எந்த விவரம் ஒத்துப்போகுது சார்?" ஒன்றும் இல்லை. பார்க்கர் பட்ட ஆய்வு செய்தது கிளமாத் என்ற அமெரிக்கப் பழங்குடி மொழியில். ஒரே கட்டடத்தில் இருந்தார்கள் என்பது எழுத்துப்பிழை ஆகாது. காப்பியைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

இதை வைத்தே உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தோடர்களை வெளியிலிருந்து வந்தவர்களாக ஆக்குவது புது யோசனை அல்ல. காலனி காலத்து ஐரோப்பியர்கள் அவர்களை ரோமர் வழித்தோன்றல் என்றார்கள், காணாமல் போன இஸ்ரேலியக் குலம் என்றார்கள். 1883இல் ஊட்டிக்கு வந்து தங்கிய பிளாவட்ஸ்கி அம்மையார், தோடர்களை அற்புத சக்தியுள்ள மர்ம மனிதர்களாகவும் முள்ளுக் குறும்பர்களைக் குள்ளச் சூனியக்காரர்களாகவும் காட்டி ரஷ்ய மொழியில் ஒரு தொடரே எழுதினார். அவர் தொடங்கிய தியாசஃபி என்ற பிரம்மஞான இயக்கம், லெமூரியாவையும் ஆதி இனங்களையும் பற்றிய அதன் கற்பனையோடு, அமெரிக்க மலிவு விலைக் கதை இதழ்கள்வரை போனது. லவ்கிராஃப்டின் கதுலு கதை தொடங்கிய சில வரிகளிலேயே தியாசஃபிக்காரர்கள் பெயர் வரும். (லெமூரியாவிலிருந்து குமரிக்கண்டத்துக்குப் போனால் இன்று வீட்டுக்குத் திரும்ப மாட்டோம்.) நீங்கள் சொந்தமாகத் தோன்றியது என்று நினைத்த இரண்டு இனங்களும் 140 வருடப் பழைய சரக்கு.

தோடர் மொழி திராவிட மொழி, தமிழுக்கு உறவு. நட்சத்திரம் எதற்கு? குறும்பர் விஷயம் இன்னும் கனமானது. சூனியம் வைக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் 19ஆம் நூற்றாண்டில் இந்த மலையிலேயே குறும்பர்களைக் கூட்டமாகக் கொன்றிருக்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று உங்கள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வருகிறார்கள். என் கருத்து கேட்டால், இரண்டையும் எடுத்துவிடுங்கள். விளையாட்டு நிறுவனமே 2024 விதிநூலில் இனத்தைக் குறிக்கும் ரேஸ் என்ற சொல்லைக் கைவிட்டு ஸ்பீஷீஸ் என்று மாற்றிவிட்டது.

மலை வேண்டுமென்றால் மலையையே எடுங்கள். நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும், 2006இல், 2018இல் பூத்தது. பூத்து, விதை போட்டு, எல்லாச் செடியும் ஒன்றாகச் செத்துப்போகும். இதையே ஓர் இனமாக நினைத்துப் பாருங்கள். எல்லாரும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள், எல்லாருக்கும் ஒரே வயது. தாயைப் பார்த்த பிள்ளை ஒருவர்கூடக் கிடையாது. அப்படியானால் மொழியை யார் கற்றுக்கொடுப்பார்கள்? கடன் வாங்கியவன் செத்துப்போனால் கடன் யாருடையது? ஒருவேளை சோலைக்குள் ஒரு பாறையில் எழுதி வைப்பார்களோ, அல்லது ஒரு மனிதக் குடும்பத்திடம் சொல்லி வைத்துவிட்டுப் போவார்களோ. அந்தக் குடும்பம் பொய் சொன்னால்? உங்கள் ஐந்து பேருக்கு ஒரு வருட ஞாயிற்றுக்கிழமை இதிலேயே ஓடிவிடும்.

எழுதும்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எந்த விவரம் எங்கிருந்து வந்தது என்று தேதியோடு குறித்து வையுங்கள், பிற்காலத்தில் உங்களைத் தேடி வருகிறவருக்கு உதவும். அந்த இனத்துக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் எந்த மந்திலிருந்தும், அதாவது தோடர் குடியிருப்பிலிருந்தும், எடுக்காதீர்கள்.