மார்ச்சில்தான் ஆஸ்திரேலியா வந்தேன். முதல் வருடம் 18,200 டாலர் வரியில்லா வரம்பு எனக்கு உண்டா?

கேள்வியின் சுருக்கம்: பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு) விசாவில் 2025 மார்ச் 10 அன்று மெல்பர்ன் வந்திருக்கிறீர்கள். ஏப்ரல் தொடக்கத்தில் வேலை, ஆண்டுச் சம்பளம் 80,000 டாலர். ஜூன் 30-க்குள் (இங்கே வரி வருடம் அன்றோடு முடிகிறது) 183 நாள் நிறைவாகாததால் வெளிநாட்டவர் என்றுதான் ரிட்டர்ன் போட வேண்டும் என்று நண்பர் சொல்கிறார். ஊரில் வங்கி டெபாசிட்டும் ஒரு மனையும் இருக்கின்றன.

நண்பர் சொன்னதை அப்படியே விட்டுவிடுங்கள். இதே பேச்சைக் கேட்டு 2018-இல் நான் மாட்டிக்கொண்டேன்.

நான் வந்தது அந்த வருடம் பிப்ரவரியில். ஜூன் வரை சம்பாதித்தது 24,000 டாலர். இந்தியாவில் 182 நாள் கணக்குப் பார்த்துப் பழகிய மூளை. தெரிந்த ஒருவரும் "ஆறு மாதம் ஆகவில்லையே" என்றார். வெளிநாட்டுக் குடியிருப்பாளர் என்று டிக் செய்து அனுப்பிவிட்டேன். அப்போது அவர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 32.5 சதவீதம். மொத்த வரி 7,800. சம்பளத்தில் பிடித்தது போக இன்னும் 2,300 டாலருக்கு மேல் கட்டு என்று நோட்டீஸ் வந்தது. வந்த வருடத்தில் அது எங்களுக்கு ஒரு மாத வாடகைக்கும் மேல். ஒரு வாரம் தூக்கம் இல்லை. அப்புறம் ஒரு அக்கவுண்டன்ட் உட்கார்ந்து பார்த்து, திருத்திய ரிட்டர்ன் போட்டதும் கட்டவேண்டிய 2,300 மறைந்து, நாலாயிரம் டாலர் அளவில் திரும்ப வந்தது. மாற்றியது ஒரே ஒரு பதிலைத்தான். (உங்களில் யாராவது ஏற்கெனவே தப்பாகப் போட்டிருந்தால் பதற வேண்டாம். மதிப்பீட்டு நோட்டீஸ் வந்து பொதுவாக இரண்டு வருடத்துக்குள் திருத்தலாம்.)

இங்கே முதலில் பார்ப்பது நாள் எண்ணிக்கையை அல்ல, நீங்கள் உண்மையில் இங்கே வாழ்கிறீர்களா என்பதை. வீடு எடுத்து, வேலையில் சேர்ந்து, குடும்பத்தோடு தங்கும் எண்ணத்தில் வந்தவர் வந்த நாளிலிருந்தே வரிக்கான குடியிருப்பாளர். 183 நாள் என்பது அந்த முதல் சோதனையில் தேறாதவர்களுக்கான இன்னொரு வழி, அவ்வளவுதான். விசாவும் வரியும் வேறு வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். பிஆர் இல்லாத மாணவர்கூட, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பில் சேர்ந்து இங்கே தங்கிப் படித்தால், வரிக்குக் குடியிருப்பாளராக இருப்பதே வழக்கம்.

சரி, வரம்புக்கு வருவோம். பலரும் 18,200-ஐ 12-ஆல் வகுத்து மாதத்தால் பெருக்குகிறார்கள். அது தப்பு. வருடத்தில் ஒரு பகுதி மட்டும் குடியிருப்பாளராக இருந்தவருக்கு 13,464 டாலர் எப்படியும் உண்டு. மீதி 4,736 மட்டுமே மாதக் கணக்கில் பங்கிடப்படும். வந்த மாதமும் முழு மாதமாகச் சேரும். உங்களுக்கு மார்ச் முதல் ஜூன் வரை நாலு மாதம், அதாவது 1,579 டாலர். ஆக வரம்பு சுமார் 15,043.

மூன்று மாதச் சம்பளம் 20,000. வரம்புக்கு மேலே நிற்பது 4,957. அதற்கு 2024-25 விகிதப்படி 16 சதவீதம் என்றால் 793 டாலர். வரிக்குரிய வருமானம் 37,500-க்குள் இருப்பவர்களுக்கு 700 டாலர் குறைந்த வருமானச் சலுகை இருக்கிறது. நீங்கள் எங்கும் கேட்க வேண்டாம், ஏடிஓவே (ஆஸ்திரேலிய வரி அலுவலகம்) கழித்துவிடும். மிச்சம் 93 டாலர். நண்பர் சொன்னபடி போட்டிருந்தால் 20,000-க்கும் 30 சதவீதம், 6,000 டாலர் ஆகியிருக்கும்.

இன்னொரு பக்கம், உங்கள் கம்பெனி இந்த மூன்று மாதமும் நீங்கள் வருடம் முழுவதும் 80,000 வாங்குபவர் என்று நினைத்தே வரி பிடித்திருக்கும். சுமார் 4,100 டாலர் போயிருக்க வேண்டும். அதில் பெரும்பகுதி திரும்பி வரும். வேலையில் சேரும்போது நிரப்பிய டிஎஃப்என் (வரி எண்) படிவத்தில் குடியிருப்பாளர் என்று போட்டீர்களா, வரியில்லா வரம்பைக் கேட்டீர்களா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். தப்பாகப் போட்டிருந்தால் பிடித்தது இன்னும் அதிகமாக இருக்கும். அதுவும் ரிட்டர்னில் நேராகிவிடும். ஆனால் புதுப் படிவம் கொடுக்காவிட்டால் அடுத்த மாதமும் அப்படியே பிடிப்பார்கள்.

மைடாக்ஸில் (இணையத்தில் ரிட்டர்ன் போடும் ஏடிஓ தளம்) குடியிருப்பாளரா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிட்டு, பகுதி வருட வரம்புக்கான இடத்தில் (காகிதப் படிவத்தில் இது ஏ2) வந்த தேதியையும் மாதங்களையும் போடுங்கள். ஜூலை முதல் தேதியே அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். சம்பள விவரத்தில் 'டாக்ஸ் ரெடி' என்று வரும்வரை பொறுங்கள். சொந்தமாகப் போடுபவர்களுக்குக் கடைசி நாள் அக்டோபர் 31.

மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) லெவி 2 சதவீதம் என்று பயமுறுத்துவார்கள். 2024-25-இல் தனிநபருக்கு வருமானம் 27,222 டாலர் வரை லெவி கிடையாது. நீங்கள் அதற்குள்ளேயே இருக்கிறீர்கள். மாணவர் விசா, தற்காலிக வேலை விசாவில் வந்து மெடிகேர் உரிமை இல்லாதவர்கள்தான் இதில் கவனமாக இருக்க வேண்டும். சர்வீசஸ் ஆஸ்திரேலியா என்ற அரசு அமைப்பிடம் மெடிகேர் உரிமைச் சான்று வாங்கி ரிட்டர்னில் விலக்குக் கேட்டால் லெவி போய்விடும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவுடன் மருத்துவ ஒப்பந்தம் இல்லை, அதனால் நம்மவர்கள் நிறையப் பேருக்கு இது பொருந்தும். 60,000 சம்பாதித்தவருக்கு 1,200 டாலர் மிச்சம்; வருடா வருடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விமான டிக்கெட், விசா கட்டணம் எதையும் செலவாகக் கழிக்க முடியாது. நானும் கேட்டுப் பார்த்தேன்.

இனி ஊர்ச் சொத்து. மார்ச் 10-க்கு முன்னால் ஊரில் வாங்கிய சம்பளம், வட்டி எதற்கும் இங்கே வரி இல்லை. அதற்குப் பின் வரும் டெபாசிட் வட்டிக்கு உண்டு, ஏனென்றால் பிஆர்காரருக்கு உலகத்தில் எங்கே வந்த வருமானமும் கணக்கில் சேரும். என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ஊரில் போடும் கணக்கு) வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், இங்கே உண்டு. என்ஆர்ஓ (ஊர் வருமானம் சேரும் கணக்கு) வட்டியில் ஊரில் பிடித்த வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம், ஆனால் இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி இந்தியா எடுக்கக்கூடிய 15 சதவீதம் வரைதான். அதற்கு மேல் வங்கி பிடித்ததை இந்திய ரிட்டர்ன் போட்டு அங்கேயே வாங்க வேண்டும். தற்காலிக விசாவில் இருப்பவருக்கு ஊர் வட்டி, வாடகைக்கு இந்தத் தொல்லை இல்லை, துணைவர் பிஆரோ குடிமகனோ ஆக இல்லாதவரை.

மனை விஷயத்தில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். பின்னாளில் அதை விற்றால் ஆதாயவரி இங்கேயும் வரும். ஆனால் நீங்கள் எப்போதோ வாங்கிய விலையிலிருந்து கணக்கு ஆரம்பிக்காது. குடியிருப்பாளராக ஆன அன்று, அதாவது மார்ச் 10 அன்று, சந்தையில் அது என்ன விலை பெறுமோ அந்த விலைக்கு வாங்கியதாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்த நாளுக்கு முன் ஊரில் ஏறிய விலைக்கெல்லாம் இங்கே வரி இல்லை என்று அர்த்தம். பத்து வருடம் கழித்து விற்கும்போது அந்த நாளின் விலைக்கு ஆதாரம் தேடி அலைவதைவிட, இப்போதே பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அந்தத் தேதிக்கு ஒரு சான்று வாங்கி வைத்துவிடுங்கள். பத்திரப்பதிவு வழிகாட்டி மதிப்பை எடுத்து வைக்காதீர்கள், அது பல இடங்களில் சந்தை விலையைவிடக் குறைவு. தொடக்க விலை குறைந்தால் வரி கூடும். பங்குகள் இருந்தால் அன்றைய விலையோடு கணக்கு அறிக்கையை இறக்கி வையுங்கள். அன்றைய ரூபாய்–டாலர் மாற்று விகிதத்தையும் அதே தாளில் எழுதி வையுங்கள், நான் அதை எழுதாமல் விட்டுப் பிறகு தேடினேன்.